உங்களுக்குத் தெரியுமா? வெயில் ஊரில் கராஜ் கதவு

★ அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரம் ஃபீனிக்ஸ். 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, ஒருநாள் விடாமல் 31 நாளும் அங்கே வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். 1990 ஜூன் 26 அன்று 122 டிகிரி, அதாவது 50 செல்சியஸ், பதிவாகியிருக்கிறது. அந்த ஊர்ப்பக்கம் தனிவீடு என்றால் வீட்டோடு ஒட்டிய கராஜும் இருக்கும். வீட்டார் போவதும் வருவதும் பெரும்பாலும் அந்த வழிதான். நாள் முழுக்க வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு, கூப்பிட்டபோதெல்லாம் ஏறி இறங்க வேண்டிய கதவு அது. வெயில் அதில் எதைக் கெடுக்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்று தெரிந்துகொண்டால், நிறையப் பழுதுகளை வீட்டுக்காரரே வரும்முன் தடுத்துவிடலாம்.

★ இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு பொதுவாக 16 அடி அகலம், 7 அடி உயரம். எஃகுத் தகடும் உள்ளே வெப்பத்தடுப்பு நுரையும் சேர்ந்தால் எடை 60 கிலோவில் தொடங்கி 100 கிலோ வரைகூடப் போகும். ஆனாலும் பழுதில்லாத கதவை ஒரு கையால் தூக்கிவிடலாம்! காரணம், கதவுக்கு மேலே குறுக்குத் தண்டில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். கூரையில் தொங்கும் மோட்டார், ஏற்கெனவே எடையற்றுப் போன கதவை இழுத்துவிடும் வேலையை மட்டும் செய்கிறது. மோட்டார் முனகுகிறது, திணறுகிறது என்றால் பலரும் உடனே புது மோட்டார் வாங்கப் போகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை.

பார்ப்பது எளிது. கதவை முழுவதும் மூடுங்கள். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவுக்கும் மோட்டாருக்கும் தொடர்பு விட்டுப்போகும். இப்போது கையால் இடுப்பளவுக்குத் தூக்கி, மெதுவாகக் கையை எடுங்கள். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே இறங்கினால் முறுக்குத் தளர்ந்திருக்கிறது. தானே மேலே போனால் முறுக்கு அதிகம். இரண்டுக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். ஒன்று முக்கியம்: கதவு மேலே திறந்திருக்கும்போது அந்தக் கயிற்றை இழுக்கக் கூடாது. ஸ்பிரிங் முறிந்திருந்தால் மொத்தக் கதவும் ஒரே வீச்சில் கீழே வந்து விழும்.

★ ‘வெயிலில் ஸ்பிரிங் இளகிவிடும்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எஃகின் முறுக்கைக் குலைக்க நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். 50 டிகிரியில் அதன் விறைப்பு ஒரு சதவீத அளவுக்குக் குறைந்தாலே பெரிது. ஸ்பிரிங்கின் ஆயுளைத் தீர்மானிப்பது எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற எண்ணிக்கை. சாதாரண ஸ்பிரிங்குக்குச் சொல்லப்படும் கணக்கு 10,000 முறை. தினமும் நான்கு முறை கதவு திறந்து மூடினால் ஏழு ஆண்டுகூடத் தாங்காது. பள்ளி, அலுவலகம், மாலை வகுப்பு என்று எட்டு முறை திறக்கும் வீட்டில் மூன்றரை ஆண்டு. கூடுதல் பணம் கொடுத்தால் 20,000 முறைக்கும் அதற்கு மேலும் தாங்கும் ஸ்பிரிங் கிடைக்கிறது. பெரிய குடும்பத்துக்கு அதுவே லாபம்.

★ ஸ்பிரிங் முறியும்போது தீபாவளி அணுகுண்டு வெடித்தாற்போலச் சத்தம் கேட்கும். வீட்டுக்குள் இருப்பவர்கள் திருடனோ, துப்பாக்கியோ என்று பதறுவார்கள். போய்ப் பார்த்தால் சுருளின் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். அந்த நிலையில் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். முழுப் பாரமும் மோட்டாரின் மேல் விழுந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் மழுங்கிவிடும். ஒரு பழுது இரண்டாகும்.

★ கையில் ஸ்பேனர் எடுக்கத் தெரிந்தவர்கள்கூட ஸ்பிரிங்கில் கைவைக்கக் கூடாது. 7 அடிக் கதவின் ஸ்பிரிங்கை ஏறத்தாழ 30 கால்சுற்று முறுக்கி வைத்திருப்பார்கள். அதற்கென்றே அளவெடுத்த இரண்டு எஃகுக் கம்பிகளைத் துளையில் மாற்றி மாற்றிச் செருகி, கால்சுற்று கால்சுற்றாகத்தான் முறுக்கவும் தளர்த்தவும் முடியும். கம்பிக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, அது நழுவி, விரலும் பல்லும் போனவர்கள் உண்டு. கதவின் அடிமூலையில் வடம் கோத்திருக்கும் கொக்கிக்கும் இதே எச்சரிக்கைதான். இழுவிசை முழுவதும் அங்கேதான் நிற்கிறது. இந்தப் பாகங்களின் திருகுகளுக்குச் சில கம்பெனிகள் சிவப்பு வண்ணம் பூசியே அனுப்புகின்றன.

★ அப்படியானால் வெயில் எதைக் கெடுக்கிறது? கிரீஸை, ரப்பரை, பிளாஸ்டிக்கை, பேட்டரியை, மின்பலகையை. எல்லாம் சின்னச் சாமான்கள். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை.

★ 1953-ல் சான் டியேகோவில் ஒரு சிறு கம்பெனி உருவாக்கிய கலவைதான் இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் நீலமஞ்சள் டப்பா, டபிள்யூ.டி. 40. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலில் ஈரம் படிந்து துருப்பிடிக்காமல் காக்க அது பயன்பட்டது. துருவை இளக்க, அழுக்கைக் கழுவ அருமையான சரக்கு. ஆனால் ஸ்பிரிங்குக்கும் கீலுக்கும் நாள்பட்ட மசகாக அந்தப் பழைய டப்பாவை நம்பக் கூடாது. கரைப்பான் ஆவியாகிப் போய்விடும்; இருந்த கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும். கதவுக்கு வேண்டியது சிலிக்கான் ஸ்பிரே, அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்பிரே. கீல்களுக்கும் ஸ்பிரிங் சுருளுக்கும் எஃகு ரோலரின் பேரிங்குக்கும் லேசாக அடித்து, கதவை இரண்டு முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

ரோலர் ஓடும் தடத்துக்கு மட்டும் எதுவும் அடிக்காதீர்கள்! நல்லதென்று நினைத்துப் பலர் செய்வது இதைத்தான். ஃபீனிக்ஸில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய மழைக்காற்றுக் காலம். மழைக்கு முன்னோடியாகப் புழுதிச் சுவர் எழும்பி வரும். 2011 ஜூலை 5 அன்று வந்தது ஊரையே விழுங்கியது. எண்ணெய் பூசிய தடத்தில் அந்தப் புழுதி ஒட்டினால் உப்புத்தாளாகி ரோலரைத் தேய்த்துவிடும். தடத்தைத் துடைத்துக் காயவிடுவதே அதற்குச் செய்யும் பராமரிப்பு. புழுதிக்காற்று ஓய்ந்த மறுநாள் ஒரு துணியோடு போய் இரண்டு பக்கத்தையும் துடைத்துவிட்டால் போதும்.

★ 16 அடி எஃகுக் கதவு, விடிகாலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால் நீளத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். அலுமினியம் என்றால் நாலரை மில்லிமீட்டர். காலையில் வழுக்கிக்கொண்டு போன கதவு மூன்று மணிக்கு உரசிச் சத்தமிடுவதற்கு இது ஒரு காரணம். தடத்தை நெருக்கமாகப் பொருத்திய வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம்.

★ நுரை அடைத்த கதவில் வெளித்தகடு கொதிக்கும். உள்தகடு அந்த அளவுக்குச் சூடாகாது. வெளிப்பக்கம் மட்டும் நீள்வதால் பலகை நடுவில் வெளிநோக்கிப் புடைக்கும். கருப்பு, கரும்பழுப்பு போன்ற அடர்நிறங்களில் இது கூடுதல். மேற்குப் பார்த்த கதவுக்கு ஆசைப்பட்டு அடர்நிறம் அடிப்பவர்கள் முதலில் உத்தரவாத அட்டையைப் படித்துவிடுவது நல்லது. வெளிர்நிறக் கதவுக்கு அடர்நிறம் அடித்தால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. என்னைக் கேட்டால் பாலைவன ஊரில் மேற்குப் பார்த்த கதவுக்கு வெள்ளையும் மணல்நிறமும் போதும்.

★ சாயங்காலம் மட்டும் கதவு மூட மறுக்கிறதா? பாதிவரை இறங்கி, மீண்டும் மேலே போய், மோட்டார் விளக்கு கண்சிமிட்டுகிறதா? இருட்டியதும் தானாகச் சரியாகிவிடுகிறதா? கோடையில் மெக்கானிக்கை அநாவசியமாக வரவழைக்கும் கோளாறுகளில் இது முக்கியமானது.

கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து அரை அடிக்குள் இரண்டு சின்ன சென்சார்கள் எதிரும் புதிருமாக இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் குழந்தையோ நாயோ வந்து கதிர் அறுபட்டால் கதவு இறங்காது. சாய்ந்த வெயில் நேரே வாங்கும் கண்ணில் விழுந்தால் வெளிச்சத்தின் மிகுதியில் அது எதிர்க்கண்ணின் கதிரைப் பிரித்தறிய முடியாமல் திணறுகிறது. குறுக்கே ஏதோ இருக்கிறது என்றே மோட்டாருக்கும் தகவல் போகிறது. இதற்குப் புதுச் சாமான் எதுவும் வேண்டாம். வாங்கும் சென்சாரின் முகத்தைச் சுற்றி, கதிரை மறைக்காமல், அட்டைக்குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி நிழல் கொடுத்தாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டு சென்சாரையும் பக்கம் மாற்றிப் பொருத்தச் சொல்லலாம். அனுப்பும் கண்ணில் வெயில் விழுந்தால் நட்டமில்லை. அதற்கும் முன்னால், கண்ணாடியில் படிந்த புழுதியையும் சிலந்திக்கூட்டையும் மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

சுவரில் இருக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் சென்சார் சொல்வதை மீறிக் கதவு இறங்கும். அவசரத்துக்காக வைத்த வசதி அது. பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

★ ஏன் கூடாது என்பதற்குத் துயரமான வரலாறு உண்டு. தானியங்கிக் கதவுகளின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்கா 1990-ல் சட்டம் இயற்றியது. 1993 ஜனவரி 1 முதல் தயாரான வீட்டுக் கராஜ் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் இந்தச் சென்சாரோ, கதவின் விளிம்பில் தொட்டால் உணரும் பட்டையோ கட்டாயம். பழைய வீடு வாங்குகிறவர்கள் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். 1993-க்கு முந்தியது என்றால் பழுது பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

மாதம் ஒருமுறை செய்ய ஒரு சோதனை: ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரத்துண்டைக் கதவின் நடுவே தரையில் படுக்க வையுங்கள். பட்டனை அழுத்துங்கள். இறங்கும் கதவு மரத்தைத் தொட்டதும் திரும்பி மேலே ஏற வேண்டும். அழுத்திக்கொண்டு நின்றால், சரிசெய்யும்வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்.

★ விருந்தினர் வந்த நாளில் கதவை அடுத்தடுத்துத் திறந்து மூடினால் மோட்டார் திடீரென்று செத்துப் போனதுபோல நிற்கும். பெரும்பாலும் அது சாகவில்லை. சூடு எல்லை மீறினால் தானே அணைந்து கொள்ளும் பாதுகாப்பு அதற்குள் இருக்கிறது. கோடையில் கராஜின் உட்புறமே 45, 50 டிகிரியில் இருக்கும்போது அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். கால்மணி நேரமோ அரைமணி நேரமோ ஆறவிட்டால் எழுந்துகொள்ளும்.

★ மின்பலகையில் இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மின்தடையின்போது கதவைத் திறக்க மோட்டாரோடு வரும் ஈய அமில பேட்டரிக்கும் ஏறக்குறைய அதே கதைதான். குளிர் ஊரில் உழைக்கும் காலம் ஃபீனிக்ஸில் கிடைக்காது.

★ ரிமோட்டைக் காரின் டாஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கெடுத்து 2018-ல் வெளியான ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் சூடாகியிருந்தது. ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி பொதுவாக 60 டிகிரிக்குள் வேலை செய்யவே தயாரிக்கப்படுகிறது.

★ 2017 அக்டோபரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் பெருந்தீ பரவியபோது மின்சாரம் அறுந்தது. கராஜ் கதவைத் திறக்க முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் முதியவர்கள் இருந்தார்கள். சிலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்து, 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கும் வீட்டுக் கராஜ் மோட்டார் எல்லாவற்றுக்கும் பேட்டரியைக் கட்டாயமாக்கியது.

ஃபீனிக்ஸை அடுத்த சாண்ட்லர் பக்கம் இன்டெல் ஆலையிலும் மற்ற கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள். பகலில் பேரப்பிள்ளையோடு வீட்டில் தனியே இருப்பது அவர்கள்தான். காஸ் அடுப்பு, மைக்ரோவேவ், டிவி ரிமோட் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். சிவப்புக் கயிறு எது, மின்சாரம் போனால் கதவை மூடிய நிலையில் அதை இழுத்துவிட்டுக் கையால் எப்படித் தூக்குவது என்பதைக் காட்டிக்கொடுக்கும் வீடுகள் எத்தனை? வந்த முதல் வாரத்திலேயே அவர்களையே ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவால் தூக்க முடியவில்லை என்றால் கதவின் ஸ்பிரிங் சரியில்லை என்று அர்த்தம். அதையும் அன்றே தெரிந்துகொண்டுவிடலாம். வெயிலில் கிடந்த எஃகுக் கைப்பிடி சுடும். பக்கத்தில் ஒரு ஜோடிக் கையுறை தொங்கட்டும்.

★ கதவின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டை வெயில் ஊரில் முதலில் போகிற சாமான். புறஊதாக் கதிர் பட்டு இறுகி, வெடித்து, ஓரங்களில் சுருண்டுவிடும். அதனால் என்ன என்று விட்டுவிடுகிறவர்கள் அரிசோனாவின் மரப்பட்டைத் தேளை நினைத்துப் பார்க்க வேண்டும். வட அமெரிக்கத் தேள்களிலேயே கடும்விஷம் அதற்குத்தான். ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே நுழைந்துவிடும் என்கிறார்கள். பகலில் கதவை மூடிவிட்டு விளக்கை அணைத்து உள்ளேயிருந்து பாருங்கள். வெளிச்சக் கோடு தெரியும் இடமெல்லாம் அதற்கு வாசல். பட்டையை இழுத்துவிட்டுப் புதியதைக் கோத்துக்கொள்வது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. வாங்கும்போது வினைல் வேண்டாம், ஈ.பி.டி.எம். ரப்பர் கேளுங்கள், வெயிலைக் கூடுதலாகத் தாங்கும்.

★ உள்பக்கம் வெப்பத்தடுப்புத் தகடு ஒட்டினால் கராஜின் சூடு குறையும், நல்லதுதான். ஆனால் கதவின் எடை சில கிலோ கூடிவிடும். பழைய எடைக்கு முறுக்கிய ஸ்பிரிங் புது எடையைத் தாங்காது. ஒட்டி முடித்ததும் இடுப்பளவு தூக்கும் சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள்.

★ ஸ்பிரே டப்பாக்களில் ‘120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வைக்காதீர்’ என்று அச்சிட்டிருக்கும். ஃபீனிக்ஸின் கோடைக் கராஜ் அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடியது. பெயின்ட் ஸ்பிரே, மருந்து மாத்திரை, காஸ் சிலிண்டர் எதுவும் அங்கே வேண்டாம்.

★ வெயிலோடு புயலும் வரும் ஊர்களில் கதவுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ‘ஆண்ட்ரூ’ சூறாவளி ஃபுளோரிடாவின் தென்கோடியைத் துவம்சம் செய்தது. பின்னர் ஆராய்ந்த பொறியாளர்கள் பல வீடுகளில் ஒரே வரிசையைக் கண்டார்கள். முதலில் கராஜ் கதவு வளைந்து தடத்தை விட்டுக் கழன்றது. அந்த அகன்ற வாய் வழியே புகுந்த காற்று உள்ளிருந்து கூரையை மேலே தள்ளியது. வெளியே பாய்ந்த காற்று அதே கூரையை மேலே உறிஞ்சியது. இரண்டும் சேர்ந்து கூரை பறந்தது. இன்று மயாமி டேடு மாவட்டத்தில் அங்கீகாரம் பெற, 4 கிலோ மரச்சட்டத்தை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கதவின் மேல் ஏவிச் சோதிக்கிறார்கள்.

★ சென்னையிலும் நாகையிலும் கடை ஷட்டரைப் பாதிவரை தூக்கினால் மீதி தானாகப் போகிறதே, அங்கும் உருளைக்குள் ஸ்பிரிங்தான் பாரத்தைச் சுமக்கிறது. ஆனால் அரிசோனாவின் எதிரி வறண்ட புழுதி. நம் கடற்கரையின் எதிரி உப்புக்காற்று. கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட்டவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பட்டையையும் இருபக்கக் கைடுகளின் அடிப்பகுதியையும் கழுவி, காய்ந்தபின் ஸ்பிரே அடிக்க வேண்டும். துரு கீழிருந்துதான் தொடங்குகிறது.

★ இதையெல்லாம் செய்ய ஃபீனிக்ஸில் ஏற்ற மாதங்கள் மார்ச், ஏப்ரல். ஜூலையில் பழுது பார்ப்பவர்களுக்கு அழைப்பு குவியும். வெயிலில் அவர்கள் வேலை செய்வதும் கொடுமை. ஆளைக் கூப்பிடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கதவை எடை போட்டுத்தான் ஸ்பிரிங் தேர்வு செய்வீர்களா? எத்தனை முறைக்கான ஸ்பிரிங் போடுகிறீர்கள்? இரண்டு ஸ்பிரிங் இருக்கும் கதவில் ஒன்று முறிந்தால் இரண்டையும் மாற்றுவீர்களா? சேர்த்தே மாற்றுவதுதான் சரி; ஒரே நாளில் மாட்டிய மற்றதும் அதே எண்ணிக்கையை ஓடி முடித்திருக்கும். வேலை முடிந்ததும் மாட்டிய தேதியையும் ஆயுள் எண்ணிக்கையையும் கதவின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.